இறுவட்டும் இறந்தகாலமும்

எழுதி முடித்த ஒன்றன்மீது எழுதியவனுக்கு எஞ்சியிருக்கும் உரிமை யாது என்னும் வினா பழையது. நடந்ததை நடவாததாக்குதல் எவர்க்கும் இயலாது என்பதில் சமயவாதிக்கும் நாத்திகனுக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆயின், நடந்ததனோடு இன்னொன்றைச் சேர்த்தல் எவர்க்கும் இயலும். வாழ்தல் என்பதே அத்தகைய சேர்த்தல்தான். இவ்வாறு சேர்க்கும்போது முன்னர் இருந்ததற்கு என்ன நேருகின்றது? அது வளர்கின்றதா, திருந்துகின்றதா, அல்லது மறைகின்றதா? அவ்வினாவை மிகச் சாதாரணமான பொருளொன்றை முன்வைத்து நோக்க இக்கட்டுரை முயல்கின்றது. ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க இறுவட்டே அப்பொருள்.

மெய்யியல் வினாவொன்றை ஆராய்வதற்கு இறுவட்டுத்தானா அகப்பட்டது என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். எழுதுகருவிகளை உவமையாகக் கொண்டே மனிதர் நினைவைப் பற்றிச் சிந்தித்து வந்துள்ளனர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். பிளேட்டோ தமது உரையாடலொன்றில் உள்ளத்தை மெழுகுப் பலகையாக உருவகித்தார். 1925 ஆம் ஆண்டில் பிராய்ட், சிறுவர்க்கென விற்கப்பட்ட எழுதுபலகையொன்றைப் பற்றிச் சிறு கட்டுரையொன்று வரைந்தார். அப்பலகையின் மேற்றாளைத் தூக்கியதும் எழுத்து மறைந்துவிடும். அடியிலுள்ள மெழுகிலோ அதன் சுவடு எஞ்சியிருக்கும். மேலே வெறுமையும் கீழே நினைவுமாக அமைந்த அப்பலகை மனத்தின் இயல்பை உணர்த்தப் போதுமானது என்று அவர் கருதினார். இன்று புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டியக்கி இல்லை என்பது உண்மையே. எனினும், நூலகங்களிலும் துறை அலுமாரிகளிலும் வீட்டு இழுப்பறைகளிலும் இரண்டு மூன்று தசாப்தங்களின் பேச்சும் படமும் கடிதமும் இவ்வட்டுகளில் உறங்குகின்றன. வழக்கொழியத் தொடங்கிய பின்னரே ஒரு கருவியின் இயல்பை நிதானமாக நோக்க முடிகின்றது போலும்.

முதலில் அக்கருவியின் தொழிற்பாட்டைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1982 ஆம் ஆண்டில் இசைக்கென இறுவட்டைச் சந்தைக்குக் கொணர்ந்தன. அது தொழிற்சாலையில் வார்ப்பிலிடப்பட்டு வருவது. வாங்கியவன் கேட்கலாமேயன்றி எழுதவியலாது. தானே எழுதிக்கொள்ளத்தக்க வட்டுக்கான நியமம் 1980களின் பிற்பகுதியில் உருவாயிற்று. அவ்வட்டில் ஒளிதெறிக்கும் உலோகப் பூச்சுக்கு அடியில் மெல்லிய சாயப்படலம் ஒன்று உண்டு. மையத்திலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்லும் நுண்ணிய சால் ஒன்றும் முன்னரே பொறிக்கப்பட்டிருக்கும். அதனை நீட்டினால் ஐந்து கிலோமீற்றருக்கு மேற்படும். எழுதும்போது லேசர்க் கதிர் அச்சால் வழியே சென்று சாயத்தை இடையிடையே சுடுகின்றது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகவும் சுடாத இடம் மிகுதியாகவும் திருப்பி அனுப்பும். இவ்வேறுபாடே எழுத்து.

சுட்ட சாயம் மீள்வதில்லை. இதனாலேயே ஆங்கிலத்தில் இச்செயலை எரித்தல் எனும் பொருள்பட வழங்கினர். யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையான 1981 ஆம் ஆண்டின் பின்னர் எழுத்தோடு அச்சொல்லை இணைத்துப் பேச நம்மவர் நாவு சற்றுத் தயங்கும். ஆதலின் பதிதல் என்றே இங்கு வழங்குகின்றேன். தீயினால் எழுதுதல் என்னும் கருத்து மட்டும் மனத்தில் நிற்கட்டும். சுடப்பட்டதை மேலும் சுட்டுச் சிதைக்கலாம், சுடப்படாததாக்க இயலாது.

இனி, நமது வினாவுக்கு நேரே தொடர்புடைய பகுதிக்கு வருவோம். எழுநூறு மெகாபைற்றுக் கொள்ளளவுள்ள வட்டில் ஒருவன் ஐம்பது மெகாபைற்று அளவான கோப்புகளைப் பதிந்துவிட்டான். எஞ்சிய இடம் வீணாகுமா? ஆகாது. பதிவை அமர்வு அமர்வாக நிகழ்த்தலாம். ஒவ்வோர் அமர்வும் தொடக்கப் பகுதி ஒன்றையும், உள்ளடக்கத்தையும், முடிவுப் பகுதி ஒன்றையும் உடையது. உள்ளடக்கத்தோடு, இன்ன பெயருடைய கோப்பு வட்டின் இன்ன இடத்திற் கிடக்கின்றது எனக் கூறும் அட்டவணையும் எழுதப்படும். அமர்வை மூடிவிட்டு வட்டைத் திறந்தே வைத்திருப்பின், பின்னர் ஒருநாள் அடுத்த அமர்வை எழுதலாம். அன்றி, இனிச் சேர்ப்பதற்கு எதுவுமில்லை எனக் கருதின் வட்டையே முற்றாக மூடிவிடலாம். அதன்பின் எத்துணை இடம் எஞ்சியிருப்பினும் ஓரெழுத்துத்தானும் சேர்க்கவியலாது.

இரண்டாம் அமர்வை எழுதும்போது நிகழ்வதே கவனத்திற்குரியது. பழைய அட்டவணை சுடப்பட்டுவிட்டமையால் அதிற் புதிய வரியொன்றைச் செருகவியலாது. ஆகவே முற்றிலும் புதிய அட்டவணையொன்று எழுதப்படுகின்றது. அது புதிய கோப்புகளைக் குறிப்பதோடு, பழைய கோப்புகள் முன்னர் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன என்பதையும் குறிக்கும். கணினி வட்டைத் திறக்கும்போது கடைசி அட்டவணையைத்தான் நாடும். அதிற் குறிக்கப்பட்டவை உள்ளன, குறிக்கப்படாதவை இல்லை. பழைய அமர்வை உள்வாங்காது புதிய அமர்வொன்றை எழுதியமையால் முன்னைய கோப்புகள் அனைத்தும் காணாமற்போயின எனப் பதறியவர் பலர். கோப்புகள் எங்கும் போகவில்லை. சுடப்பட்ட சாயத்தில் அவை அப்படியே உள்ளன. தக்க மென்பொருள் முன்னைய அமர்வுகளைத் தேடிச் சென்று அவற்றை எடுத்துத்தரும். அவற்றின் பெயரைச் சொல்ல ஆளில்லை, அவ்வளவே.

சேர்த்தலுக்கு விலையும் உண்டு. முதல் அமர்வை மூடி இரண்டாவதைத் தொடங்கும்போது தொடக்க, முடிவுப் பகுதிகளுக்கென ஏறத்தாழ 22 மெகாபைற்று இடம் செலவாகின்றது. அதன்பின் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 13 மெகாபைற்று. ஒவ்வோர் அமர்விலும் ஒரேயொரு கடிதத்தைச் சேர்த்துக்கொண்டு போனால் ஐம்பது முறைக்குள்ளாகவே வட்டு நிரம்பிவிடும். வட்டின் பெரும்பகுதியைத் திறத்தலும் மூடுதலுமே விழுங்கியிருக்கும். சொன்னதை ஓயாது விளக்கிக்கொண்டிருப்போரை நினைவுறுத்தும் செய்தி இது.

இன்னொன்று. எல்லாக் கருவிகளும் கடைசி அட்டவணையை நாடுவதில்லை. சாதாரண இசைவட்டுக் கருவி முதல் அமர்வையே அறியும். அதன்பின் எழுதப்பட்ட எதுவும் அதற்கு இல்லை. 1990களின் நடுப்பகுதியில் இப்பண்பைப் பயன்படுத்தியே, முதல் அமர்வில் இசையையும் இரண்டாம் அமர்விற் கணினிக்குரிய படங்களையும் வைத்து வட்டுகளை வெளியிட்டனர். அதற்குச் சற்று முன்னர், 1992 ஆம் ஆண்டில், கொடாக் நிறுவனம் போட்டோ சீடி என்னும் முறையை அறிமுகம் செய்தது. புகைப்படச் சுருளைக் கடையிற் கொடுத்தால் படங்களை வட்டிற் பதிந்து தருவர். அடுத்த சுருள் முடிந்ததும் அதே வட்டைக் கொண்டுசென்று மேலும் படங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அக்காலத்துக் கணினி வட்டியக்கிகள் பல முதலமர்வை மட்டுமே படிக்கவல்லனவாக இருந்தன. ஒரே வட்டை ஒரு கருவியில் இட்டால் மணப்பெண் மட்டும் தோன்றுவாள். இன்னொன்றில் இட்டால் அவள் குழந்தையும் தோன்றும். எது உண்மையான வட்டு என்று கேட்டால் என்ன விடை கூறுவது?

இங்குதான் மெய்யியல் நுழைகின்றது. மனிதரை நோக்குவதிலும் இவ்விரு வகைக் கருவிகள் உள்ளன. ஒருவனை முதன்முதல் அறிந்த நாளிலேயே நிறுத்திவைத்து அதன்பின் அவனிடம் சேர்ந்த எதனையும் படிக்க மறுப்போர் உளர். அவர்களுக்குத் திருடன் என்றுந் திருடன். கடைசியாக அவன் தன்னைப் பற்றித் தந்த அட்டவணையை மட்டும் படித்து, அதிற் குறிக்கப்படாதது நிகழவேயில்லை எனக் கொள்வோரும் உளர். முன்னவரை இரக்கமற்றவர் என்கிறோம். பின்னவரை ஏமாளிகள் என்கிறோம். இரு சாராரும் வட்டை முழுமையாகப் படித்தவரல்லர்.

நமது சமய மரபு இவ்விடயத்தில் வட்டின் இயல்புக்கு மிக அண்மையில் நிற்கின்றது. சைவசித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்துவம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கும். முன் ஈட்டிக் கிடப்பது, இப்பிறவியில் நுகரப்படுவது, நுகரும்போதே புதிதாக ஏறுவது என்பன அவை. ஆகாமியம் எத்துணை நல்லதாயினும் சஞ்சிதத்தை அது அழித்துவிடாது. பக்கத்தில் ஏறி நிற்கும். நல்வினை தீவினையைக் கழித்து மீதி காட்டும் கணக்கு அங்கு இல்லை. இரண்டும் தத்தம் பயனைத் தந்தே தீரும். சஞ்சிதம் நீங்குவதற்குத் தீக்கை வேண்டும், அஃதாவது சேர்த்தலுக்குப் புறம்பான ஒரு செயல் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் நிலை. மறுபிறப்பில் நம்பிக்கை வைக்காதார்க்கும் இதிலுள்ள நுட்பம் பயன்படும்: சேர்த்தல் ஒருபோதும் அழித்தலாகாது, அழித்தல் வேண்டுமெனில் அதற்குச் சேர்த்தலல்லாத வேறு பெயரும் வேறு நெறியும் வேண்டும்.

மேலைத் தேயத்தில் இதே சிக்கலை ஹன்னா ஆரென்ட் 1958 ஆம் ஆண்டில் வெளியான 'மனித நிலை' என்னும் நூலில் எதிர்கொண்டார். மனிதச் செயல் மீளப்பெற முடியாதது. அதற்குள்ள ஒரே மாற்று மன்னிப்பு என்பது அவர் வாதம். மன்னிப்பு நடந்ததை நடவாததாக்குவதில்லை. நடந்ததன் பிடியிலிருந்து செய்தவனை விடுவிக்கின்றது. சார்த்தரோ 1943 ஆம் ஆண்டிலேயே வேறொரு கோணத்திலிருந்து நோக்கியிருந்தார். நடந்தவற்றை மாற்றவியலாது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பொருளை இன்று நான் மேற்கொள்ளும் திட்டமே தீர்மானிக்கின்றது என்றார். சிறையிற் கழிந்த ஓராண்டு வீணான ஆண்டா, பயிற்சி பெற்ற ஆண்டா என்பது வெளியே வந்தவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தது. இது கடைசி அட்டவணையின் மெய்யியல் எனலாம். வட்டின் மொழியிற் கூறின், சாயம் ஆரென்டின் பக்கத்தில் நிற்கின்றது. அட்டவணை சார்த்தரின் பக்கத்தில் நிற்கின்றது.

சார்த்தரின் நிலையில் எனக்கொரு தயக்கம் உண்டு. கடைசி அட்டவணையை எழுதுபவன் பழையதற்குப் பொருள் கொடுக்கின்றான் என்பது சரியே. ஆனால் பொருள் கொடுத்தலும் பெயர் நீக்குதலும் ஒன்றல்ல. புதிய அமர்வை எழுதுபவன் மூன்று வெவ்வேறு செயல்களைச் செய்யலாம். பழையனவற்றையெல்லாம் குறித்துப் புதியனவற்றைச் சேர்க்கலாம். பழைய கோப்பின் பெயரிலேயே திருந்திய கோப்பொன்றைப் பதிந்து, பெயர் இனிப் புதியதையே சுட்டுமாறு செய்யலாம். அல்லது பழையதைக் குறியாமலே விட்டுவிடலாம். முதலாவது வளர்ச்சி, இரண்டாவது திருத்தம், மூன்றாவது மறைப்பு. கருவியைப் பொறுத்தமட்டில் இம்மூன்றுக்கும் வேறுபாடே இல்லை. ஒவ்வொன்றும் புதிய அட்டவணையொன்றை எழுதும் செயல்தான். வேறுபாடு முழுவதும் அறவியலுக்குரியது. அதனைக் கருவியிடம் எதிர்பார்ப்பது வீண்.

அவ்வேறுபாட்டை எவ்வாறு இனங்காண்பது? நோக்கத்தைக் கொண்டு என்று உடனே கூறத்தோன்றும். ஆயின் நோக்கம் புறத்தார்க்குத் தெரிவதில்லை. செய்பவனுக்கே பல வேளைகளிற் தெரிவதில்லை. பழைய கணக்கெழுதும் மரபு இதைவிடச் சிறந்த அளவுகோலொன்றைத் தருகின்றது. ஐந்தொகைக் கணக்கில் பிழையாக எழுதிய பதிவைச் சுரண்டி நீக்குதல் கூடாது. அதனை நேர்செய்யும் எதிர்ப்பதிவு ஒன்றைப் புதிய திகதியில் எழுதுதல் வேண்டும். பிழையும் நிற்கும், திருத்தமும் நிற்கும், இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களும் நிற்கும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 1997 ஆம் ஆண்டில் தரகு நிறுவனங்கள் தம் பதிவேடுகளைக் கணினி வடிவில் வைத்திருக்க இடமளித்தபோது, மீள எழுதவோ அழிக்கவோ முடியாத ஊடகத்தில் வைத்தல் வேண்டும் என நிபந்தனை விதித்தது. 2022 ஆம் ஆண்டில் அதனைத் தளர்த்தியபோதுங்கூட, ஒவ்வொரு மாற்றத்தின் சுவட்டையும் காட்டும் முறையொன்றே மாற்றாக ஏற்கப்பட்டது. மாற்றம் தடுக்கப்படவில்லை, மாற்றியதை மறைத்தலே தடுக்கப்பட்டது. இதிலிருந்து பெறக்கூடிய அளவுகோல் இதுவாகலாம்: பின்னைய அட்டவணை முன்னையதற்குச் செல்லும் வழியைத் திறந்துவைத்திருப்பின் அது திருத்தம்; வழியை அடைத்துவிடின் அது மறைப்பு.

நமது ஏட்டு மரபை இங்கு ஒப்புநோக்குதல் தகும். எழுத்தாணியாற் கீறிய ஓலையும் சுடப்பட்ட சாயம் போன்றதே; கீறியதை மீட்க இயலாது. ஆனால் ஓலைச்சுவடி கயிற்றிற் கோக்கப்படுவது. கயிற்றை அவிழ்த்து ஓரேட்டை இடையிற் செருகலாம். படியெடுப்பவர் அடுத்த தலைமுறையில் எல்லாவற்றையும் ஒரே கையால் எழுதிவிடுவார். அதன்பின் செருகியது எது, மூலம் எது என்று அறியச் சொல்லையும் நடையையும் யாப்பையும் நம்பியே பதிப்பாசிரியர் தொழிற்பட வேண்டியதாகின்றது. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் எனத் தனியே ஒதுக்கப்பட்டவை இவ்வுழைப்பின் விளைவே. சேர்த்தவர் பொய்யராக இருந்திருப்பார் என நான் கருதவில்லை. கம்பன்மீது கொண்ட காதலாற் பாடியவராகவும் இருக்கலாம். ஆயினும் அவர் தம் அமர்வைத் தனியே மூடவில்லை. மகாசேன மன்னனோடு முடிந்த மகாவம்சத்தைப் பின்வந்தோர் தொடர்ந்தெழுதியபோது, தொடர்ச்சி எங்கே தொடங்குகின்றது என்பதைப் பிற்காலத்து ஆய்வாளரே பிரித்துக் காட்ட வேண்டியிருந்தமையும் இத்தகையதே. இவ்வகையில் இறுவட்டு ஓலையினும் நேர்மையான ஊடகம். அமர்வுகளுக்கு இடையிலுள்ள எல்லை அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. இடைச்செருகல் அங்கு இயலாது; ஈற்றிற் சேர்த்தலே இயலும்.

இதுகாறும் கூறியவற்றால் வழியைத் திறந்துவைத்தலே அறம் என முடித்துவிடலாம் போலத் தோன்றும். அவ்வாறு முடிக்கவிடாத ஒரு நிலையை எண்ணிப்பார்ப்போம். வாய்மொழி வரலாறு திரட்டுவோர்க்கு இது புதியதன்று.

மாணவர் சிலர் இடம்பெயர்ந்தோர் வாழும் கிராமமொன்றில் முதியோர் இருபதின்மரின் வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்து ஒரே இறுவட்டிற் பதிந்து துறை நூலகத்தில் வைத்திருக்கின்றனர். அவ்விருபதின்மருள் ஒருவர் மூதாட்டி. தன் குடும்பத்துக்கு நேர்ந்ததை, இன்னார் காட்டிக்கொடுத்தார் என்பது உட்பட, அவர் கூறியிருக்கின்றார். ஓராண்டு கழிந்தபின் ஆளனுப்பித் தாம் பேசியதை எடுத்துவிடுமாறு கேட்கின்றார். பொய் சொன்னதாக அவர் கூறவில்லை. காட்டிக்கொடுத்தவரின் மகளைத் தம் பேரன் மணக்கவிருக்கின்றான் என்பதே காரணம். மாணவர் என்ன செய்தல் வேண்டும்?

எளிதான வழி, புதிய அமர்வொன்றைத் திறந்து மூதாட்டியின் கோப்பைக் குறியாத அட்டவணையொன்றை எழுதுவது. கணினியில் இட்டால் பத்தொன்பது கோப்புகளே தெரியும். அவரிடம் சென்று, எடுத்துவிட்டோம் ஆச்சி, எனக் கூறலாம். இது பொய். குரல் சாயத்தில் இருக்கின்றது. தேடத் தெரிந்தவன் எவனும் கேட்கலாம். அவர் கேட்டது அட்டவணையிலிருந்து நீக்குமாறு அன்று. அமர்வு, அட்டவணை என்பவற்றை அவர் அறியார். அறியாமையைப் பயன்படுத்தி அவருக்கு நிம்மதி வழங்குவது இரக்கம் போலத் தோன்றினும் அவமதிப்பேயாகும். ஊரிலுள்ளோர் தொழில்நுட்பம் அறியாதவர் என்னும் எண்ணத்திற் படித்தவர் செய்யும் சிறு பொய்கள் பலவற்றுள் இதுவும் ஒன்று.

நேர்மையான வழி கடினமானது. ஏனைய பத்தொன்பது கோப்புகளையும் புதிய வட்டொன்றுக்குப் படியெடுத்து, பழைய வட்டை உடைத்தெறிதல் வேண்டும். முன்னர் நாம் கண்ட அளவுகோலின்படி இது மிகக் கொடிய மறைப்பு. வழி அடைக்கப்படுவது மட்டுமன்றி, வழியே இல்லாதாக்கப்படுகின்றது. ஆயினும் மூதாட்டிக்கு நாம் கடப்பட்டிருப்பது இதுவே என எனக்குத் தோன்றுகின்றது. அங்ஙனமாயின் அளவுகோல் பிழையா?

பிழையன்று, குறையுடையது. தரகு நிறுவனத்தின் கணக்கைப் பொறுத்தவரை வழியைத் திறந்து வைத்தல் பலவீனரைக் காக்கின்றது. மூதாட்டியைப் பொறுத்தவரை அதே வழி அவர்மீதே திறக்கின்றது. ஆகவே வழி திறந்திருக்கின்றதா என்று கேட்பதோடு, அவ்வழியே யார் யாரை அடைகின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 ஆம் ஆண்டு மே மாதத்தில் அளித்த தீர்ப்பொன்று இவ்விடத்தில் ஆராயத்தக்கது. ஸ்பானிய நாட்டவர் ஒருவரின் சொத்து, சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக ஏலத்தில் விடப்படுவது குறித்த அறிவித்தல் 1998 ஆம் ஆண்டில் நாளிதழொன்றில் வெளியாகியிருந்தது. கடன் தீர்ந்து நெடுங்காலத்தின் பின்னரும் அவர் பெயரைக் கூகிளில் தேடியபோது அவ்வறிவித்தல் வந்து நின்றது. நீதிமன்றம் நாளிதழின் பக்கத்தை அழிக்குமாறு கூறவில்லை. பெயரைக் கொண்டு தேடும்போது அப்பக்கம் வராதவாறு தேடற் பட்டியலிலிருந்து நீக்கும் கடப்பாடு கூகிளுக்கு உண்டு என்றது. அதே வேளை, பொதுவாழ்வில் இடம்பெறும் ஒருவராயின் மக்களின் அறியும் உரிமை மேலோங்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. வட்டின் மொழியில் இது, சாயம் கிடக்கட்டும், அட்டவணையில் வேண்டாம் என்னும் தீர்ப்பு. நாம் மேலே பொய்யெனத் தள்ளிய அதே செயல், இங்கு நீதியாகின்றது. காரணம் தெளிவு. இங்கு எவரும் ஏமாற்றப்படவில்லை; கேட்டவர் தாம் பெறுவது எது என்பதை அறிந்தே பெற்றார்.

பட்டியலிலிருந்து விலகும் உரிமை அதிகாரத்துக்கு எதிர்விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. அரசும் நிறுவனமும் கட்சியும் தம் முன்னைய அமர்வுகளை மறைக்கும் உரிமை உடையன அல்ல. அவற்றின் ஒவ்வோர் அட்டவணையும் திறந்தே கிடத்தல் வேண்டும். நமது நாட்டில் விசாரணை ஆணைக்குழுக்களுக்குக் குறைவிருந்ததில்லை. அடுத்தடுத்து அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்களை நோக்கும்போது, ஒவ்வொன்றும் முன்னையதை உள்வாங்காது எழுதப்பட்ட புதிய அமர்வோ என எண்ணத் தோன்றுகின்றது. முன் சாட்சியமளித்தவரே மீண்டும் வந்து அதையே கூறவேண்டியிருத்தல் அதன் அடையாளம். மறுபுறத்தில், மூதாட்டிக்குத் தம் குரலைத் திரும்பப் பெறும் உரிமை ஏறக்குறைய முழுமையாக உண்டு.

ஏறக்குறைய என்றமைக்குக் காரணம் உண்டு. அவர் கூறியதில் அவரைப் பற்றியது மட்டும் இருக்கவில்லை. அன்று கொல்லப்பட்ட பிறரின் பெயர்களும் இருந்தன. அவர்களைப் பற்றிப் பேச வேறெவரும் எஞ்சாதிருக்கலாம். அவர் தம் குரலைத் திரும்பப் பெறும்போது அப்பெயர்களும் உடன் செல்கின்றன. இவ்விழப்பை இல்லையென்று காட்ட எனக்கு மனமில்லை. மாணவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. புதிய வட்டின் அட்டவணையில் வெற்றிடமொன்றை விடலாம்: இருபதின்மர் பேசினர், அவருள் ஒருவரின் பேச்சு, அவர் வேண்டியதற்கு இணங்க எடுக்கப்பட்டது, இன்ன திகதி. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், காரணம் வேண்டாம். இக்குறிப்பு மூதாட்டியைக் காட்டிக்கொடுக்காது. பின்வரும் ஆய்வாளனையும் ஏமாற்றாது. பத்தொன்பதே முழுமை என அவன் கருதமாட்டான். இல்லாத ஒன்று இருந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்தும் அட்டவணை பொய்யான அட்டவணையன்று. இதற்கும் அவர் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வட்டை முற்றாக மூடுதல் பற்றியும் ஒரு சொல். திறந்து கிடக்கும் வட்டு என்றும் ஐயத்துக்கிடமானது. அடுத்த அமர்வு எதனைக் குறியாது விடுமோ என்னும் அச்சம் அதில் உண்டு. ஆகவே ஆவணக் காப்பில் ஈடுபடுவோர் மூடிய வட்டையே விரும்புவர். அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. ஆனால் பேசியவர் உயிரோடிருக்கும்வரை அவர் பேச்சை மூடிவிடும் உரிமை கேட்டவருக்கு எங்கிருந்து வந்தது? மறுநாள் காலை அவர், நேற்றுச் சொல்லாமல் விட்டது ஒன்றிருக்கின்றது தம்பி, எனத் தொடங்கக்கூடும். வாய்மொழிப் பதிவுகளிற் பெறுமதி மிக்கவை பெரும்பாலும் கருவியை அணைத்தபின் வந்தவையே என்பதைக் களத்துக்குச் சென்றோர் அறிவர். அதற்கென ஐந்நூறு மெகாபைற்று இடம் எஞ்சிக் கிடக்க, ஒழுங்கின் பெயரால் வட்டை மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாயம் காலப்போக்கிற் சிதைவதற்கு மூடிய வட்டும் விலக்கன்று.

பேசியவர் இறந்தபின் நிலைமை மாறுகின்றது. இறந்தவனின் வாழ்வு உயிரோடிருப்பவர் கையில் ஒப்படைக்கப்படுகின்றது என்பது சார்த்தர் வலியுறுத்திய இன்னொரு கருத்து. தன் அட்டவணையைத் தானே எழுதிவந்தவனுக்குப் பதிலாக இனிப் பிறர் எழுதுவர். மூதாட்டி வட்டை அப்படியே விட்டுச்சென்றார் எனவும், அவர் இறந்து ஈராண்டின் பின் பேரன் வந்து அப்பேச்சை எடுத்துவிடக் கேட்கின்றான் எனவும் வைத்துக்கொள்வோம். மூதாட்டியிடம் ஏற்றுக்கொண்ட அதே காரணத்தையே அவனும் கூறுகின்றான். கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. அவனுக்கும் அவன் மனைவிக்கும் அக்குழந்தைக்கும் நாம் கடப்பட்டவர்களே. ஆனால் குரல் அவனுடையதன்று. அவர் உயிரோடிருந்து கேட்டிருப்பின் வட்டை உடைத்திருப்போம். அவர் கேட்கவில்லை. கேட்கக்கூடிய வாய்ப்பிருந்தும் கேட்கவில்லையா, கேட்கலாம் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லையா என்பதே மாணவர் முதலில் விசாரித்தறிய வேண்டியது. பின்னையதாயின், பேரனுக்கு விடைகூறும் முன்னர் அவர்கள் தம் வினாக்கொத்தை எடுத்து, அதில் அவ்வொரு கேள்வி ஏன் இடம்பெறவில்லை என்று பார்த்தல் வேண்டும்.